பூக்கல்லிலிருந்து புடவைக்கு

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதமும் அதோடு வைத்திருந்த மூன்று வரைபடங்களும் கிடைத்தன. ஆடை வடிவமைப்புப் படிப்பின் கடைசி ஆண்டில் இருக்கிறீர்கள். இறுதித் தேர்வுக்கான ஆடைகளை ஆத்தங்குடித் தரைக்கற்களை வைத்துச் செய்ய நினைக்கிறீர்கள். செட்டிநாட்டுப் பழைய வீடு ஒன்றின் தரையைப் படம் பிடித்து, கணினியில் ஏற்றி, ஜார்ஜெட் துணியில் டிஜிட்டல் பிரிண்ட் போட்டும் பார்த்துவிட்டீர்கள். ஆசிரியர் 'காப்பி' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். தோழியோ, 'எல்லாரும் இதைத்தானே செய்கிறார்கள்' என்கிறார். இது திருட்டா இல்லையா என்று என்னிடம் கேட்டிருக்கிறீர்கள்.

திருட்டா என்ற கேள்வியைப் பிறகு எடுத்துக்கொள்கிறேன். அதற்கு முன்னால் நீங்களே கடிதத்தின் நடுவில் எழுதியிருக்கும் ஒரு வரியைப் பிடித்துக்கொள்கிறேன்: 'தரையில் அவ்வளவு கம்பீரமாக இருந்த பூ, துணியில் ஏனோ மேஜை விரிப்பு மாதிரி ஆகிவிட்டது.' இதற்குக் காரணம் கண்டுபிடித்தால் உங்கள் ஆசிரியரின் குற்றச்சாட்டுக்கும் பாதி பதில் கிடைத்துவிடும். என் கட்சி இதுதான்: ஒரு கோலம் அது பிறந்த பொருளுக்குக் கட்டுப்பட்டது. வேறு பொருளுக்கு அதைக் கொண்டுபோகிறவர், அந்தப் புதிய பொருளின் கட்டுப்பாட்டுக்குள் அதை மறுபடி செய்தாக வேண்டும். செய்தால் அது வேலை. செய்யாவிட்டால், உரிமைத்தொகை முழுவதையும் கொடுத்தாலும் அது நகல்தான்.

அந்தப் பூ எப்படிப் பிறக்கிறது என்று முதலில் பார்ப்போம். நீங்கள் வீட்டைப் பார்த்திருக்கிறீர்கள். பட்டறையைப் பார்த்ததாக எழுதவில்லை. சிவகங்கை மாவட்டத்தில், காரைக்குடியிலிருந்து பேருந்தில் போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கிறது ஆத்தங்குடி. பட்டறை என்றால் பெரிய இயந்திரம் எதையும் எதிர்பார்க்காதீர்கள். ஒரு கொட்டகை, ஒரு மேடை, மணல் குவியல், சிமென்ட் மூட்டை, வண்ணக் கலவை நிரம்பிய வாளிகள், ஒரு தண்ணீர்த் தொட்டி. சூளை கிடையாது. இந்தக் கல் நெருப்பையே பார்ப்பதில்லை.

மேடையில் ஒரு கண்ணாடித் தகட்டைத் துடைத்து வைக்கிறார்கள். அதன்மேல் சதுரமான இரும்புச் சட்டம். சட்டத்துக்குள் அச்சு இறங்குகிறது. அச்சு என்பது பூவின் கோடுகளாக வளைத்துப் பற்றவைத்த மெல்லிய உலோகத் தடுப்புகள், மேலே ஒரு பிடி. வெள்ளை சிமென்ட், மணல், ஆக்ஸைடு பொடி கலந்த வண்ணம் தோசை மாவுப் பதத்தில் இருக்கும். தொழிலாளி அதைச் சிறு கரண்டியால் மொண்டு, தடுப்புகளுக்கு இடைப்பட்ட ஒவ்வொரு அறையிலும் ஊற்றுகிறார்: இதழுக்குச் சிவப்பு, நடுவுக்கு மஞ்சள், பின்புலத்துக்குப் பச்சையோ கறுப்போ. அறைகள் நிரம்பியதும் பிடியைப் பற்றி அச்சை நேராக மேலே தூக்கிவிடுகிறார். கை கொஞ்சம் கோணினால் போயிற்று. ஒரு நிறம் இன்னொன்றுக்குள் ஓடிவிடும். நேராகத் தூக்கினால், தடுப்பு நின்ற இடத்தின் மயிரிழை இடைவெளியில் இரண்டு பக்கத்து நிறமும் சாய்ந்து ஒன்றையொன்று தொட்டு நிற்கும்.

அந்த ஈரம் நகர்வதற்குள் மேலே உலர்ந்த சிமென்ட்-மணல் கலவையைத் தூவுகிறார்கள். அது அடியிலிருக்கும் நீரை உறிஞ்சி வண்ணத்தை நிறுத்தும். அதற்கு மேல் ஈரமான சாந்தை நிரப்பிக் கரண்டியால் அழுத்தி மட்டம் தட்டி, சட்டத்தை எடுத்துவிட்டு, கண்ணாடியோடு சேர்த்து ஓரமாக வைக்கிறார்கள். இறுகிய பிறகு தொட்டித் தண்ணீரில் சில நாள் ஊறல், பிறகு உலர்த்தல். காய்ந்ததும் கண்ணாடி தானே கழன்றுவிடும். செய்யும்போது பூ கீழ்நோக்கித்தான் இருக்கிறது. ஊற்றியவரே அதன் முகத்தை முழுதாகப் பார்ப்பது கண்ணாடி கழன்ற பிறகுதான். மேற்பரப்பின் வழவழப்பும் கண்ணாடி தந்ததுதான். தனியாக மெருகு பூசுவதில்லை. தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்து, நடக்க நடக்கப் பளபளப்பு ஏறும். ஆசிட் ஊற்றிக் கழுவினால் செத்துப்போகும்.

இப்போது உங்கள் படத்தை எடுத்து அந்தப் பூவைத் திரும்பப் பாருங்கள். ஏன் ஒவ்வொரு வடிவமும் மூடிய அறையாக இருக்கிறது? திறந்த கோட்டில் கலவை நிற்காது. ஏன் மிகச் சன்னமான நுணுக்கம் எதுவும் இல்லை? தடுப்பை மிகவும் நெருக்கினால் கரண்டி உள்ளே போகாது, தூக்கும்போது கலவையும் கூடவே எழும்பிவிடும். ஏன் ஒரு நிறத்துக்குள் இன்னொரு நிறம் மெல்ல மங்கிக் கலப்பதில்லை? ஒரு அறைக்கு ஒரு கரண்டி, ஒரு நிறம். பல கற்களில் கால் பூ மட்டும் இருப்பது ஏன்? ஒரே அச்சை வைத்துக்கொண்டு, நாலு கல்லைத் திருப்பித் திருப்பிப் பதித்தால் முழுப் பூ கிடைக்கும். எட்டு அங்குலக் கல் பதினாறு அங்குலப் பூவாகிவிடும். நீங்கள் 'கம்பீரம்' என்று எழுதியது இந்தக் கட்டாயங்கள் எல்லாம் சேர்ந்து தந்தது. ஜார்ஜெட்டில் விழுந்த மைக்கு இந்தக் கட்டாயம் ஒன்றுகூடக் கிடையாது. துணியோ உடம்பில் விழுந்து மடிகிறது. கால் பூக்கள் நாலும் சேருகிற மூலை எந்த மடிப்புக்குள் போகும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் மேஜை விரிப்பு.

அடுத்து, கடன் வாங்குவது பற்றி. ஆத்தங்குடிக் கல்லே கடன் வாங்கிய குடும்பத்தில் பிறந்ததுதான். வண்ண சிமென்டை அச்சில் ஊற்றித் தரைக்கல் செய்யும் முறை 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் தெற்கு பிரான்சில், சிமென்ட் ஆலைகளின் பக்கத்தில் உருவாகி, ஸ்பெயினுக்கும் இன்னும் பல நாடுகளுக்கும் போனது. பார்சிலோனாவில் எஸ்கோஃபெட் நிறுவனம் 1886-இல் தொடங்கியது. கட்டடக் கலைஞர் காவ்தி கடல் உயிர்களின் உருவம் பதித்த அறுகோணக் கல்லை அவர்களிடம்தான் செய்வித்தார். அதிலும் ஒரு கல்லில் உருவம் முழுதாக இருக்காது, பக்கத்துக் கற்கள் சேர்ந்தால்தான் நிறையும். காசா மிலா வீட்டுக்குள் பதித்த அந்த வடிவம் இன்று அந்நகரின் கிராசியா பெருவீதியில் நடைபாதையாகக் கிடக்கிறது.

ஐரோப்பாவில் அந்தக் கற்களை அழுத்துவது ஹைட்ராலிக் பிரஸ். ஆத்தங்குடியில் அது இல்லை. அழுத்தத்துக்குப் பதில் கையும், உலோகத் தட்டுக்குப் பதில் கண்ணாடியும், அந்த வட்டாரத்து மணலும் வந்தன. வேலை மாறியதும் கோலமும் மாறியது. செட்டிநாட்டு வீடுகளின் சுவரில் இன்னொரு பயணமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜப்பானியர்கள் ஆங்கிலேயப் பூ ஓடுகளைப் பார்த்துத் தாங்களும் செய்யத் தொடங்கினார்கள். பிறகு இந்தியச் சந்தைக்காக அதே பளபளப்பு ஓட்டில் நம் தெய்வங்களையும் வார்த்து அனுப்பினார்கள். பர்மாத் தேக்கும் இத்தாலியப் பளிங்கும் வந்த வீட்டுக்கு அதுவும் வந்தது. ஆக, கோலங்கள் ஊர்விட்டு ஊர் போவது புதிதல்ல. போன இடத்தில் யாருடைய கையாவது அதைத் திருத்தியிருக்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது.

அந்தத் தரையில் இன்னொன்றையும் நீங்கள் கவனித்திருக்கலாம். பூக்கல்லைச் சுவர் முதல் சுவர் வரை ஒரே மாதிரி நிரப்புவதில்லை. நடுவில் ஒரு பரப்பு. சுற்றி ஓரக்கல் வரிசை. திரும்பும் இடத்துக்கென்று தனியாக ஒரு மூலைக்கல். அதற்கும் வெளியே ஒற்றை நிறப் பட்டை. உடல், கரை என்று பிரித்துப் போடுகிற அதே புத்தி அந்த வட்டாரத்துத் தறியிலும் இருக்கிறது. அதனால் உங்களை ஜார்ஜெட்டிலிருந்து கண்டாங்கிக்கு இழுக்கப் போகிறேன்.

கண்டாங்கி, காரைக்குடிப் பக்கத்துப் பருத்திப் புடவை. 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. பெரிய கட்டம் அல்லது பட்டையான கோடு, அரக்கு, கடுகு மஞ்சள், கறுப்பு மாதிரி அழுத்தமான நிறங்கள், ஒரு சாண் அகலத்துக்குப் போகும் கரை. அந்நாளில் கனமான நூலில் நெய்ததை உள்பாவாடை இல்லாமல், கணுக்காலுக்கு மேல் நிற்கிற மாதிரி கட்டினார்கள். இன்று நீளம் கூடியிருக்கிறது, நூல் மெலிந்திருக்கிறது, ரவிக்கைத் துணி சேர்ந்திருக்கிறது, பாட்டிகள் கட்டாத நிறங்களும் வந்துவிட்டன. இருந்தும் பார்த்த உடனே கண்டாங்கி என்று சொல்லிவிடுகிறோம். கட்டமும் கரையும் தறிக்கு இயல்பானவை. பாவு நீளவாட்டில் ஓடுகிறது, ஊடை குறுக்கே போகிறது. இரண்டிலும் நிறத்தை மாற்றிக்கொண்டே வந்தால் கட்டம் தானாக விழும். தறியின் இந்தக் கணக்கைத் தொடாமல் மற்றதை மாற்றியதால்தான் புடவை காலத்தோடு வந்தும் முகம் மாறாமல் இருக்கிறது.

பூக்கல்லின் வளைந்த இதழைச் சாதாரணத் தறியில் நெய்ய முயன்றால் படிக்கட்டாகத்தான் வரும். ஜக்கார்டு போட்டால் வளைவு வரும், செலவும் வரும், கண்டாங்கியின் முரட்டு அழகு போய்விடும். அதனால் இதழை விட்டுவிடுங்கள். தரையிலிருந்து எடுக்க வேண்டியது விகிதம். நடுப்பரப்புக்கு ஓரக்கல் எத்தனை பங்கு அகலம், ஒற்றை நிறப் பட்டை எங்கே நிற்கிறது, சிவப்புக்குப் பக்கத்தில் பச்சையை நேரடியாக வைத்தார்களா, நடுவில் கறுப்புக் கோடு விட்டார்களா என்று அளந்து எழுதுங்கள். அந்தக் கணக்கை நெசவாளரிடம் கொடுங்கள். அவர் முதலில் கேட்கப்போவது கோர்வை வேண்டுமா என்பது. கரையின் நிறம் உடலிலிருந்து கத்தி வைத்து அறுத்த மாதிரி பிரிய வேண்டுமானால் கோர்வை போட வேண்டும். அதற்கு மூன்று நாடா, பெரும்பாலும் பக்கத்தில் உதவிக்கு இன்னொருவர், கூலியும் நேரமும் கூடுதல். வேண்டாமென்றால் உடலின் ஊடை கரைக்குள்ளும் ஓடி, கரையின் நிறத்தைச் சற்று மங்கச் செய்யும். அந்த மங்கலும் அழகுதான், ஆனால் தெரிந்து தேர்ந்தெடுத்ததாக இருக்க வேண்டும்.

பூவையே வைத்தாக வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் அச்சுக்கட்டைக்குப் போங்கள். மரத்தில் கால் பூவை மட்டும் செதுக்கச் சொல்லுங்கள். ஒரே கட்டையை நாலு திசையில் திருப்பிப் பதித்தால் முழுப் பூ. ஆத்தங்குடியில் கல்லைத் திருப்புகிறார்கள், நீங்கள் கட்டையைத் திருப்புகிறீர்கள். கணக்கு ஒன்று, கை வேறு. நிறத்துக்கு ஒரு கட்டை என்பதால் மூன்று நான்கு நிறத்துக்குமேல் ஆசைப்பட மாட்டீர்கள். பதிக்கும்போது இம்மி விலகினால் மூலையில் ஒரு சின்ன இடைவெளி விழும்; அதை மறைக்க வேண்டியதில்லை. மதுரைச் சுங்குடிக்கு வேறு வழி. முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்க்கும் வேலையில் கோடே கிடையாது, புள்ளிதான். பூவின் வெளிக்கோட்டைப் புள்ளிவரிசையாக்கினால் கல்லின் கனம் முழுவதும் இறங்கி வேறொரு பூ கிடைக்கும். முடிச்சுப் போடுகிறவரோடு உட்கார்ந்து பேசாமல் இதைக் காகிதத்தில் தீர்மானிக்க முடியாது.

டிஜிட்டல் பிரிண்டையே நான் ஒதுக்கச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். அந்த இயந்திரத்துக்கு எதுவும் தெரியாமலில்லை. ஒரு முறை வந்தது மறுமுறை வராமல், தோள் முதல் பாதம் வரை மாறிக்கொண்டே போகிற ஓவியத்தை அது அச்சடிக்கும். அச்சாலும் கட்டையாலும் அதைச் செய்ய முடியாது. அப்படியிருக்க, இயந்திரத்தைக் கைவேலையின் வேடம் போட வைப்பது இயந்திரத்துக்கும் நஷ்டம். தரை ஓட்டிலும் இதே வேடம் நடக்கிறது: குஜராத்தின் மோர்பியில் செராமிக் ஆலைகள் வரிசையாக இருக்கின்றன. இங்க்ஜெட்டில் எந்தக் கோலத்தையும் ஓட்டின்மேல் அடித்துத் தருவார்கள். கடைகளில் 'ஆத்தங்குடி டிசைன்' என்று கேட்டால் அந்த மாதிரி ஓட்டைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். கல்லில் நிறம் ஒரு படலமாக உள்ளே இறங்கியிருக்கும். இந்த ஓட்டிலோ மேலே ஒரு அச்சுப் படம் மட்டும். விலை குறைவு, பராமரிப்புச் சுலபம், வாங்குகிறவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி விற்கும்போது, ஊற்றுகிற கையின் கூலிதான் பேரத்தில் இறங்குகிறது.

இனி, திருட்டு. சட்டம் உங்களுக்கு அதிகம் உதவாது. 1999-ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டம் பொருளின் பெயரை ஊரோடு கட்டிக் காக்கிறது. வேறிடத்தில் நெய்த புடவையைக் காரைக்குடிக் கண்டாங்கி என்று விற்கக் கூடாது. ஆனால் அந்தக் கட்டத்தைப் பார்த்து ஒரு சட்டை தைத்தால் அது தடுக்காது. 2000-ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டம் புதிய வடிவத்துக்குப் பத்து ஆண்டும், நீட்டித்தால் மேலும் ஐந்து ஆண்டும் காப்புத் தருகிறது. தலைமுறைகளாகத் தரையில் கிடக்கிற பூ 'புதியது' ஆகாது என்பதால் ஊர்க்காரர்களே அதைப் பதிய முடியாது. சட்டப்படி நீங்கள் தப்பித்துவிடுவீர்கள் என்பதால்தான் மரியாதை என்று ஒன்று தேவைப்படுகிறது.

பெரிய பெயர்களும் இங்கே இடறியிருக்கின்றன. 2015-இல் பிரெஞ்சு வடிவமைப்பாளர் இசபெல் மராந்தின் ஒரு மேற்சட்டை, மெக்சிகோவின் வஹாக்கா மாநிலத்து மிஹே மக்கள் காலங்காலமாகப் பூத்தையல் போட்டு அணியும் சட்டையை அப்படியே ஒத்திருக்கிறது என்று அந்த மக்களே எழுந்து நின்றார்கள். 2025 ஜூனில் மிலான் மேடையில் பிராடா காட்டிய தோல் செருப்பு கோலாப்பூரி என்று இங்கே குழந்தைகூடச் சொல்லியிருக்கும். முதலில் ஊர்ப்பெயர் சொல்லப்படவில்லை. கண்டனம் கிளம்பிய பிறகுதான் இந்தியக் கைவினைச் செருப்பிலிருந்து வந்தது என்று நிறுவனம் ஒப்புக்கொண்டது. சிசிலியின் மயோலிகா ஓடுகளைத் தங்கள் உடைகளில் திரும்பத் திரும்பக் கொண்டுவரும் டோல்சே-கபானா என்ற வடிவமைப்பாளர் இருவரை இந்த வரிசையில் சேர்க்க மாட்டேன். இருவரில் ஒருவர் சிசிலிக்காரர், எங்கிருந்து எடுத்தோம் என்பதை மறைப்பதும் இல்லை. ஆனால் அந்த உடைகளிலும் ஓடு பெரும்பாலும் துணிமேல் அச்சடித்த படமாகத்தான் நிற்கிறது. நேர்மை இருந்தும் மறுவேலை நடக்காமல் போகலாம் என்பதற்கு அதுவும் ஒரு பாடம்.

ஆகவே உங்கள் ஆசிரியரிடம் வாதாடாதீர்கள். ஜார்ஜெட் அச்சைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரி. அதே சமயம் நீங்கள் அனுப்பிய மூன்று வரைபடங்களில் கடைசியை, 'இது சும்மா கிறுக்கியது, மன்னிக்கவும்' என்று எழுதி மடித்து வைத்திருந்ததை, அவர் பார்த்தாரா? அதில் பூ இல்லை. தரையின் பட்டைகளை மட்டும் பென்சிலால் பிரித்து, ஓரத்தில் அங்குலக் கணக்கு எழுதியிருக்கிறீர்கள். மூலைக்கல் வருகிற இடத்தில் முந்தியைத் தொடங்கலாமா என்று ஒரு கேள்விக்குறியும் போட்டிருக்கிறீர்கள். உங்கள் வரிசையில் இதுதான் துணியைப் பற்றி யோசித்த வரைபடம். இதை எடுத்துக்கொண்டு காரைக்குடிக்குப் போங்கள். தறி நேரத்தையும் மாதிரித் துண்டின் கூலியையும் முதலிலேயே பேசி, முன்பணம் கொடுத்துவிடுங்கள். 'படிப்புக்காகத்தானே, சும்மா செய்து கொடுங்கள்' என்று மட்டும் கேட்காதீர்கள். உங்கள் மதிப்பெண்ணுக்கு அவர் ஒருநாள் கூலியை இழக்கக் கூடாது. போகிற வழியில் ஆத்தங்குடியில் இறங்கி, நீங்கள் அளந்த தரையின் ஓரக்கல்லில் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். நெசவாளரிடம் கைபேசிப் படத்தை நீட்டுவதைவிடக் கல்லையே வைத்தால் நிறம் சரியாக வரும்.

ஆடையில் தைக்கும் சீட்டில் உங்கள் பெயரோடு நெய்த ஊரையும், கணக்கு எடுத்த தரையின் ஊரையும் போடுங்கள். நெசவாளர் சம்மதித்தால் அவர் பெயரையும் அதே எழுத்தளவில் போடுங்கள். 'நாட்டுப்புறக் கலையின் தூண்டுதலில்' என்கிற வழக்கமான வரி வேண்டாம். அதில் எந்த ஊரும் இல்லை, எந்த ஆளும் இல்லை.

மாதிரித் துண்டு தறியிலிருந்து இறங்கியதும் எனக்குப் படம் அனுப்புங்கள். முன்பக்கத்தோடு பின்பக்கத்தையும் எடுங்கள். கோர்வை சுத்தமாக விழுந்திருக்கிறதா என்று அங்கேதான் தெரியும்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்